அப்பாவின் மிச்சக் கணக்கு

2022 ஜூனில் இலங்கையில் அரசாங்க உத்தியோகத்தர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து, வீட்டில் பயிர் செய்யுங்கள் என்றார்களே, ஞாபகமா? பலர் அந்த லீவில் பெற்றோல் வரிசையில் நின்றார்கள். எங்கள் அப்பா மட்டும் உத்தரவைத் தலைமேல் ஏற்று, மண்வெட்டியோடு வளவுக்குள் இறங்கினார். பிறகு அந்த லீவு நின்றுவிட்டது. அப்பா நிற்கவில்லை. இப்போது பென்ஷனும் எடுத்தாயிற்று, ஏழு நாளும் வெள்ளிக்கிழமைதான்.

எங்கள் வீடு திருகோணமலை நகருக்குள், கடற்கரைப் பக்கம். நிலம் முழுக்க மணல். காலையில் ஊற்றுகிற தண்ணீர் மத்தியானத்துக்குள் எங்கே போகிறதென்றே தெரியாது. அதனால் மாட்டெரு, சருகு, தேங்காய்த் தும்பு எல்லாம் கலந்து உரப்பையிலும் பழைய பெயின்ற் வாளியிலும் நட்டார். கீரை மாதத்துக்குள் வந்துவிட்டது. மிளகாய் பொறுமையைச் சோதித்து, காய்க்கிற நேரம் பார்த்து இலையைச் சுருட்டிக்கொண்டது. சாம்பல் தூவினார், கொஞ்சம் தேறியது.

தோட்டத்தை விட முக்கியம் அவருடைய சி.ஆர். கொப்பி, அதாவது தடித்த மட்டை போட்ட கணக்குக் கொப்பி. பறித்த அன்றைக்குச் சந்தை விலை என்னவோ அதைப் போட்டு 'மிச்சம்' என்று எழுதுவார். விலை கேட்கத் தெருமுனைக் கடைக்குப் போவார், ஒன்றும் வாங்க மாட்டார். பச்சை மிளகாய் விலை ஏறி ஊரே புலம்புகிற நாளில் அப்பா மட்டும் சிரித்த முகத்தோடு வீட்டுக்கு வருவார்.

அப்புறம் மான் வந்தது.

வெளியூர்க்காரருக்கு இது புதினமாக இருக்கலாம். இங்கே புள்ளிமான்கள் பிரெட்ரிக் கோட்டைக்குள் மட்டுமில்லை, கடற்கரை, பஸ் நிலையம், ஒழுங்கை எல்லாம் மாடு மாதிரித் திரியும். கோணேசர் கோயிலுக்கு வருகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுப்பார்கள். நாங்கள் படலை பூட்டியிருக்கிறதா என்று பார்ப்போம். ஒரு இரவு பூட்டவில்லை. விடியப் பார்த்தால் கீரை, பயற்றங்கொடி, வெண்டி எல்லாம் மொட்டை. கற்பூரவள்ளியில் மட்டும் வாய் வைக்கவில்லை. தடிமன் இல்லைப்போலும்.

அடித்துத் துரத்தவும் முடியாது, சட்டப்படி பாதுகாக்கப்பட்ட மிருகம். அம்மா வேறு, "கோயில் மான், பாவம்" என்று பின்பக்கத்தில் வாழைப்பழத்தோல் வைக்கிற ஆள். அப்பா மீன்பிடிக்காரர் ஒருவரிடம் பழைய வலை வாங்கி வேலி முழுக்கக் கட்டினார். அடுத்த நாளே ஒரு கொம்பன் வலையின் ஒரு துண்டைக் கொம்பில் மாட்டிக்கொண்டு ஊர்வலம் போனது. "அண்ணை, உங்கட வலை சந்தியால போகுது" என்று பக்கத்து வீட்டு மாமா கூப்பிட்டுச் சொன்னார். அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். நல்ல காலம், அது மதிலில் தேய்த்துத் தானே கழற்றிப் போட்டுவிட்டது. வலையும் அன்றோடு வீட்டை விட்டுப் போனது.

அன்றிரவு கொப்பியில் பெரிய வாக்குவாதம். மான் தின்றதையும் 'மிச்சம்' பக்கத்தில் எழுதியிருந்தார் அப்பா.

"இது எப்பிடி மிச்சம்?" என்றார் அம்மா.

"விளைஞ்சதுதானே!"

"அப்ப பசளைக் காசு, தண்ணி பில், வலைக் காசெல்லாம் எங்க?"

"அது வேற கொப்பி."

அந்த வேறு கொப்பியை இதுவரை யாரும் கண்டதில்லை.

இப்போது வாளிகள் எல்லாம் வீட்டின் மேல்தட்டுக்கு ஏறிவிட்டன. கீழே மானுக்கு எட்டாத உயரத்தில் முருங்கையும் பப்பாசியும் நிற்கின்றன. முருங்கைக்காய் தெருவுக்கே கொடுக்கிற அளவுக்குக் காய்க்கிறது. பப்பாசியில் இரண்டு காய் மஞ்சள் விழுந்து நிற்கின்றன, அணிலும் பார்த்துவிட்டது. போன கிழமை அம்மா சந்தையிலிருந்து காசு கொடுத்து ஒரு பப்பாசிப்பழம் வாங்கி வந்தார். ஏன் என்று கேட்டேன். கடையில் பப்பாசி இப்போது மலிவாம். விலை ஏறின பிறகு மரத்தில் பறித்தால்தான் மிச்சம் கூடுமென்று அப்பா சொல்லிவிட்டாராம்.