சென்னபட்னா போனால் கடைக்குப் போகாதீர்கள், பட்டறைக்குப் போங்கள்

கர்நாடகத்தின் பொம்மை ஊரான சென்னபட்னாவுக்கு, மரச்சாமான் கடையும் பட்டறை பார்க்கப் போயிருந்தேன். முதலில் பேருந்துக் கதையைச் சொல்லிவிடுகிறேன், கோபம் இன்னும் ஆறவில்லை. பெங்களூரில் ஏறும்போதே “சென்னபட்னா ஊருக்குள் போகுமா?” என்று கேட்டேன். “போகும், போகும், ஏறுங்க” என்றார் நடத்துநர். பிடதி தாண்டியதும் வண்டி மேம்பாலத்தில் ஏறிப் பறந்தது. கடைசியில் பைபாஸ் ஓரம் நிறுத்தி, “டவுனுக்குள்ள போகாது, இங்கயே இறங்கிக்கோங்க” என்றார். உச்சி வெயில், ஒதுங்க ஒரு மரம் இல்லை. சர்வீஸ் ரோட்டில் நின்றிருந்த ஆட்டோக்காரருக்கு என் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. பட்டறைகள் இருக்கும் கலாநகர் போக முந்நூறு ரூபாய் என்றார். பேசிப் பேசி இருநூறுக்கு இறக்கினேன். ஏறி உட்கார்ந்து நன்றாக மூச்சு விடுவதற்குள் இடம் வந்துவிட்டது. அநியாயம்.

பெங்களூரு-மைசூரு விரைவுச்சாலை 2023-ல் திறந்தபிறகு நேரடிப் பேருந்துகள் பலவும் ராமநகரா, சென்னபட்னா, மத்தூர் எதற்குள்ளும் நுழைவதில்லை. பெங்களூரிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர்தான். பேசாமல் ரயிலில் போங்கள். மைசூரு பாதையில் ஓடும் பாசஞ்சர் வண்டிகள் இங்கே நிற்கும், டிக்கெட் பேருந்தைவிட மிகக் குறைவு, ஸ்டேஷனும் ஊருக்குள்ளேயே இருக்கிறது. பட்ஜெட் போட்டுப் பயணம் செய்கிறவர்களுக்கு இதுதான் வழி.

சரி, பட்டறையில் என்ன பார்க்கப் போனேன்? மரக்கிண்ணம் கடைவதை. சென்னபட்னா என்றால் பொம்மைதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். 2005-06லேயே புவிசார் குறியீடு வாங்கிய பொம்மைகள். பாரசீகத்திலிருந்து கைவினைஞர்களைத் திப்பு சுல்தான் வரவழைத்து ஆரம்பித்து வைத்தார் என்று ஊரில் சொல்கிறார்கள். ஆனால் அதே பட்டறைகளில் குங்குமச் சிமிழ், வளையல், கிண்ணம் எல்லாம் கடைகிறார்கள். என்னைக் கேட்டால் பொம்மையைவிடக் கிண்ணம்தான் அழகு.

பழைய நெடுஞ்சாலையில் ஒரு கடைக்குள் நுழைந்தேன். வாசலில் பெரிய ஆடுகுதிரை, உள்ளே ஏசி. கையளவு கிண்ணம் ஒன்றுக்கு 1,400 ரூபாய். எடுத்து முகர்ந்தால் பெயின்ட் வாசம். அடிப்பக்கம் பிரஷ் போன தடம், வரிப்பள்ளத்தில் சாயம் திட்டுத்திட்டாகத் தேங்கியிருந்தது. வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். கடைசல் மிஷினில் (மரத்தைச் சுழலவிட்டு உளியால் சீவும் மிஷின்) அரக்கு ஏற்றிய சாமானில் பிரஷ் தடம் இருக்கவே முடியாது. ஏன் என்று பட்டறையில்தான் விளங்கியது.

கலாநகரில் தெருவுக்குத் தெரு மோட்டார் சத்தம். ஒரு வீட்டு வாசலில் எட்டிப் பார்த்து “பார்க்கலாமா பாய்?” என்றதும், “வாங்க தம்பி, செருப்போடயே வாங்க, உள்ள ஒரே மரச் சீவல்” என்றார் அந்தப் பெரியவர். நன்றாகவே தமிழ் பேசினார்.

மூலையில் தோல் சீவிய வெள்ளைக் கட்டைகள் அடுக்கியிருந்தன. கன்னடத்தில் ஆலெ மரம் என்கிறார்கள். ஆலமரம் என்று நினைத்துவிடாதீர்கள், இது நம் வெட்பாலை. இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் கருநீலமாக மாறுமே, சோரியாசிஸுக்குத் தடவும் தைலம், அதே மரம்தான். கட்டை தந்தம் மாதிரி வெளுப்பு, ரேகையே தெரியாத நெருக்கமான மரம், உளிக்கு மிருதுவாக இடம் கொடுக்கும். வெட்டியதைச் சில மாதம் நிழலில் காயவைக்கிறார்கள். ஈரத்தோடு கடைந்தால் பிறகு வெடித்துவிடும். மரம் காயும்போது ஆரத்தின் போக்கில் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சுற்றளவின் போக்கில் சுருங்குகிறது. அந்த இழுபறியில்தான் நடுத்தண்டிலிருந்து விரிசல் கிளம்புகிறது.

பாய் ஒரு துண்டை எடுத்து, மிஷினில் சுழலும் குழிவான இரும்புக் கிண்ணிக்குள் சுத்தியலால் நாலு தட்டு தட்டினார். அந்த இறுக்கம் ஒன்றுதான் பிடிமானம், திருகாணி எதுவும் கிடையாது. மோட்டாரைப் போட்டதும் கோணல்மாணலான கட்டை ஒரு மங்கலான உருளையாகத் தெரிந்தது. உளியை வைக்கும் தாங்குகட்டையை மரத்துக்கு விரற்கடை தூரத்தில் கொண்டுவந்தார். இடைவெளி அதிகமானால் மரம் உளியைக் கீழே இழுத்துவிடுமாம். உளியின் சாய்வு முதலில் மரத்தில் உரசவேண்டும், அப்புறம் பிடியைக் கொஞ்சம் தூக்கினால் கூர் தானாக மரத்துக்குள் இறங்கும். எடுத்த எடுப்பில் கூரைக் கொடுத்தால் கட்டையே தெறித்துவிடும்.

எனக்குப் புதிய விஷயம், எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் சீவுவது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. இங்கே நார் கிண்ணத்தின் வாயிலிருந்து அடியை நோக்கி நீளவாக்கில் ஓடுகிறது. அதனால் வெளிப்பக்கத்தைப் பருமனான இடத்திலிருந்து ஒல்லியான இடத்துக்குச் சீவவேண்டும். உள்ளே குடையும்போது நடுவில் ஆரம்பித்து விளிம்பை நோக்கி வரவேண்டும். மாற்றிச் செய்தால் நார் பிய்ந்து சொரசொரப்பாகிவிடும். மரத்தைப் பலகைவாக்கில், நார் குறுக்கே ஓடும்படி பிடித்துக் கடையும் பெரிய கிண்ணங்களுக்கு இது அப்படியே தலைகீழ். அங்கே உட்பக்கத்தை விளிம்பிலிருந்து நடுவுக்குக் கடைகிறார்கள்.

என் கையில் உளியைக் கொடுத்து வெளிப்பக்கம் கொஞ்சம் சீவச் சொன்னார். தன் கையை மேலே வைத்துக்கொண்டார். சரியான கோணம் அமைந்தபோது தூள் நின்று, நீள நீளமாக ரிப்பன் சுருள் வந்து மணிக்கட்டில் விழுந்தது. அப்பா, அந்தச் சுகம்! கிண்ணத்தின் சுவர் மெலிய மெலிய சத்தமும் மாறிக்கொண்டே போகிறது. பாய் அந்தச் சத்தத்தைக் கேட்டே கனத்தைச் சொல்லிவிடுகிறார். சந்தேகம் வந்தால் மோட்டாரை நிறுத்திவிட்டு இரண்டு விரலால் சுவரைப் பிடித்துப் பார்க்கிறார்.

அப்புறம்தான் அரக்கு. பூச்சி மரக்கிளையில் சுரந்து வைக்கிற பிசின்தான் மூலப்பொருள். அதைச் சூடாக்கி, சாயம் கலந்து, இழுத்து இழுத்துக் குச்சியாக்கி வைத்திருக்கிறார்கள். மஞ்சள் நிறத்துக்கு மஞ்சள், நீலத்துக்கு அவுரி. சுழலும் கிண்ணத்தில் மஞ்சள் குச்சியை அழுத்தினார். உரசுகிற சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் பட்டையாகப் படிந்தது. அடுப்பும் இல்லை, பிரஷும் இல்லை. தபால் ஆபீஸில் முத்திரை அரக்கு உருக்கும்போது வருமே, அந்த வாசம் அறை முழுக்க. படிந்த நிறம் அப்போது மங்கலாக, கோடு கோடாக இருந்தது. காய்ந்த தாழை மடல் ஒன்றை மடித்து அதன்மேல் அழுத்தி மெதுவாக நகர்த்தினார். மடல் போன இடமெல்லாம் கண்ணாடி. மேலே இருந்த குண்டு பல்பு அந்த மஞ்சளுக்குள் முழுசாகத் தெரிந்தது. அதற்குமேல் சிவப்பு வளையம் ஒன்று, அப்புறம் உளிமுனையால் ஒரு மெல்லிய வரி கீறினார். உள்ளே இருந்த வெள்ளை மரம் நூல் மாதிரி வெளிப்பட்டது. அடியில் குறுக்காக உளியைக் கொடுத்து, கிண்ணம் கழன்று விழும்போதே உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார்.

விலை 650 ரூபாய் என்றார். ஏசிக் கடையின் 1,400-ஐ நினைத்துக்கொண்டு மறுபேச்சில்லாமல் கொடுத்தேன். தயவுசெய்து இங்கே பேரம் பேசாதீர்கள். காயவைத்த மரம், அரக்கு, கரண்ட் செலவு எல்லாம் போக அந்த மனிதருக்கு என்ன மிஞ்சும்? விரைவுச்சாலை வந்தபிறகு மைசூரு போகிற கார்கள் ஊருக்குள் வருவது குறைந்துவிட்டது என்று வருத்தப்பட்டார். “பசங்க பெங்களூர்ல கம்பெனி வேலைக்குப் போயிட்டாங்க தம்பி” என்றார். மதியம் கரண்ட் போனால் வேலையும் நின்றுவிடும், எனவே காலையிலேயே போய்விடுங்கள்.

சாப்பாட்டுக்கு அவரே ஒரு மெஸ்ஸுக்கு வழி சொன்னார். ராகி முத்தெ (கேழ்வரகுக் களி), பஸ்ஸாரு. பஸ்ஸாரு என்பது கீரையும் பருப்பும் வேகவைத்த தண்ணீரை வடித்து, மசாலா அரைத்துவிட்டுச் செய்கிற குழம்பு. பக்கத்தில் அந்தக் கீரையும் பருப்பும் பொரியலாக வருகிறது. களியைக் கிள்ளி, குழம்பில் முக்கி, மெல்லாமல் விழுங்கவேண்டும். 80 ரூபாய்க்கு வயிறு நிறைந்து ராத்திரிவரை பசிக்கவில்லை. இந்தப் பயணத்தில் கொடுத்த காசுக்கு ஒரு பைசா குறையாமல் கிடைத்தது இதுவும் கிண்ணமும்தான்.

வாங்கி வருகிறவர்களுக்கு: சூடான பண்டம் வைக்காதீர்கள், அரக்கு இளகிவிடும். ஊறப்போட்டுக் கழுவவும் கூடாது, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். சானிடைசர் பட்ட கையோடு தொடாதீர்கள். ஆல்கஹால் அரக்கைக் கரைக்கும், பளபளப்பு அங்கேயே போய்விடும்.