நீக்கப்பட்டவரின் கார்டு கதவைத் திறக்குமா?

விமான நிலையத்தில் ஏப்ரனுக்கு, அதாவது விமானங்கள் நிற்கும் தளத்துக்குப் போகும் கதவைப் பற்றிப் பேச்சு வந்தால், கைரேகையா முகமா, எந்த பிராண்டு ரீடர் என்றுதான் விசாரிப்பார்கள். முதலில் கேட்க வேண்டியது வேறு. காலையில் வேலையிலிருந்து நீக்கப்பட்டவரின் கார்டு மதியம் அந்தக் கதவைத் திறக்குமா?

1987 டிசம்பர் 7, லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சான் பிரான்சிஸ்கோ கிளம்பிய பி.எஸ்.ஏ. 1771 விமானம். யூ.எஸ்.ஏர் விமான நிறுவனம் வேலைநீக்கம் செய்திருந்த ஒருவர், திருப்பி வாங்கப்படாத ஊழியர் அட்டையைக் காட்டிச் சோதனையைத் தாண்டித் துப்பாக்கியோடு விமானத்தில் ஏறினார். விமானத்தில் இருந்த 43 பேரும் இறந்தார்கள். படம் போட்ட அட்டையைக் கண்ணால் பார்த்து அனுப்புகிறவருக்கு, அது இன்னும் செல்லுமா என்று தெரிய வழியில்லை. அமெரிக்க விமான நிலையப் பாதுகாப்பு விதி 1542.207 இன்று கேட்பது அதைத்தான்: அனுமதி உள்ளவர் மட்டும் நுழைய வேண்டும், அனுமதி பறிபோன உடனே கதவு மறுக்க வேண்டும், எந்தப் பகுதிக்கு யார் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

'உடனே' என்பதில்தான் சறுக்கல். துணை ஒப்பந்ததாரரின் ஆள் வேலைக்கு வருவதை நிறுத்திவிடுவார். முதலாளி கார்டு அலுவலகத்துக்குச் சொல்லவே மாட்டார். அதனால் கார்டின் காலாவதியை ஒப்பந்தம் முடியும் நாளோடு கட்டிவிடுங்கள். இரண்டு நிறுவனங்களில் வேலை பார்ப்பவரிடம் இரண்டு கார்டு இருக்கும். ஒன்றை ரத்து செய்யும்போது ஆள் பெயரில் தேடி மற்றதையும் பாருங்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. கதவை முடிவு செய்வது பெரும்பாலும் சர்வர் இல்லை, கதவுக்குப் பக்கத்துப் பெட்டியில் உள்ள கன்ட்ரோலர். நெட்வொர்க் அறுந்தாலும் கதவு வேலை செய்ய, அது கார்டுப் பட்டியலைத் தன்னிடமே வைத்திருக்கும். சர்வரில் ரத்து செய்த நேரத்தில் கன்ட்ரோலர் ஆஃப்லைன் என்றால், பழைய பட்டியலை வைத்துக் கதவைத் திறந்துவிடும். திரையில் 'ரத்து' என்று வந்ததோடு நிற்காமல், எல்லா கன்ட்ரோலருக்கும் பட்டியல் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தே ஆக வேண்டும்.

கார்டு சரியாக இருந்தும் பின்னாலேயே இன்னொருவர் நுழைவது தனித் தலைவலி. ரீடர் ஆளை எண்ணாது. நெரிசலான இடத்தில் ஒன்று மூடினால்தான் மற்றது திறக்கும் இரட்டைக் கதவு போடுங்கள். மற்ற இடங்களில் நம்பியிருப்பது 'கதவு திறந்தே இருக்கிறது' அலாரம்தான். அது தினமும் வீணாக அடித்தால் கன்ட்ரோல் ரூமில் பார்க்காமலே அமர்த்தப் பழகிவிடுவார்கள். காரணம் பெரும்பாலும் சின்னது: ஏசி காற்றழுத்தத்தில் கதவு முழுதாகச் சாத்தாது, அல்லது மேக்னெட் லாக்கில் ஒட்ட வேண்டிய கதவுத் தகட்டை அளவுக்கு மீறி முடுக்கியிருப்பார்கள். ரப்பர் வாஷரில் அந்தத் தகடு லேசாக ஆட வேண்டும். இறுகிப்போனால் மேக்னெட்டில் ஒட்டாமல் கோணும். சுமார் 540 கிலோ பிடிக்க வேண்டிய லாக் ஒரு இழுப்பில் விட்டுவிடும். அலாரம் அடிக்கும் முன் காத்திருக்கும் நேரத்தை சாஃப்ட்வேரில் கூட்டாதீர்கள், கதவைத் தானாகச் சாத்தும் டோர் குளோசரைச் சரிசெய்யுங்கள்.

அவசர வழிக் கதவைப் பூட்டியே வைக்க முடியாது. அமெரிக்காவில் கதவின் குறுக்கே உள்ள கம்பியைத் தள்ளியதும் அலாரம் அடித்து 15 விநாடி கழித்துத் திறக்கும் பூட்டு போடுவார்கள். தீ அலாரம் அடித்தாலோ கரண்ட் போனாலோ அது உடனே விட வேண்டும். அந்த 15 விநாடிக்குள் அருகிலிருக்கும் காவலர் கதவடிக்கு வந்து சேர முடிகிறதா என்று ஒருமுறை நடக்கவிட்டுப் பாருங்கள்.