பப்ரிசியஸ் ஐயரின் அகராதி

1972 இல் தரங்கம்பாடியில் பதிப்பிக்கப்பெற்ற தமிழ்–ஆங்கில அகராதி ஒன்றை நெடுநாளாகப் பயன்படுத்தி வருகிறேன். அதன் மூலத்தைத் தொகுத்த மனிதர் முதுமையில் கடனுக்காகச் சிறையில் அடைக்கப்பட்டவர் என்பதை அறிந்த பிறகு, அந்நூலைப் புரட்டும்போதெல்லாம் அவர் நினைவு வருகிறது.

ஜெர்மனியின் கிளேபெர்க் என்னும் ஊரில் 1711 இல் பிறந்த யோகான் பிலிப் பப்ரிசியஸ், முதலில் சட்டம் பயின்று, பின்பு ஹாலேயில் இறையியல் கற்று, 1740 இல் லுத்தரன் மிஷனரியாகத் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். 1742 இல் சென்னை லுத்தரன் சபையின் பொறுப்பை ஏற்றார். 1746 இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது பழவேற்காட்டுக்கு ஒதுங்கி, அமைதி திரும்பிய பின் வேப்பேரியில் நிலைகொண்டார். 1791 இல் இறக்கும்வரை அவர் பிறந்த மண்ணுக்குத் திரும்பவே இல்லை. ஆகவே அவரைக் குடியேறியவர் என்று சொல்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

அவருக்கு முன் வந்த மிஷனரிகளான சீகன்பால்குவும் சூல்ட்சேயும் முன்னரே வேதாகமத்தைத் தமிழாக்கியிருந்தனர். அதைத் திருத்தப் புகுந்த பப்ரிசியஸ், திருத்தம் போதாதென்று கண்டு புதிதாகவே மொழிபெயர்த்தார். எழுதியதைத் தமிழர்களுக்கு வாசித்துக் காட்டி, அவர்கள் செவிக்கு ஒவ்வாதவற்றை மாற்றினார். இந்தப் பணிவுதான் அவருடைய உரைநடையைக் காத்தது என்பேன். பாடல்களில் அவ்வளவு வெற்றி இல்லை: ஜெர்மானிய ஞானப்பாட்டுகளை அவற்றின் மெட்டு குலையாமல் தமிழில் தந்ததால், நம் யாப்புக்குப் பழகிய காதுக்குச் சில அடிகள் இடறும். ஆனாலும் லுத்தரன் சபைகளில் அவற்றை மனப்பாடமாகப் பாடுவோர் இன்றும் உண்டு.

1761 இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது கிடைத்த அச்சுப்பொறி, அரசாங்க வேலைகளையும் செய்து தர வேண்டும் என்ற நிபந்தனையுடன் வேப்பேரிக்கு வந்தது. போரில் பறித்த அந்தப் பொறியிலேயே 1772 இல் அவருடைய புதிய ஏற்பாடும், 1779 இல் சக மிஷனரி பிரைத்தாப்டுடன் சேர்ந்து உருவாக்கிய, ஏறத்தாழ 9,000 சொற்கள் கொண்ட அகராதியும் அச்சாயின. தமிழை அதில் 'மலபார்' மொழி என்றே குறித்தார்கள். அக்கால ஐரோப்பியர் வழக்கு அது.

சொல்லை இத்தனை கவனமாக எடைபோட்டவருக்கு மனிதரை எடைபோடத் தெரியவில்லை. மிஷன் பணத்தை வட்டிக்குக் கொடுத்தார். வாங்கியவர்கள் திருப்பித் தரவில்லை. பொறுப்பு அவர் தலையில் விழுந்தது; சிறைக்கும் அதுவே காரணமாயிற்று. அவரை ஏமாந்த சாது என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் இழந்தது பிறர் நம்பி ஒப்படைத்த பணம். 1788 இல் மற்றொரு மிஷனரியான கெரிக்கே ஐயர் அவரிடமிருந்து சென்னைப் பணியை ஏற்றுக்கொண்டார். பழைய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்போ தரங்கம்பாடியில் பகுதி பகுதியாக அச்சேறிக்கொண்டிருந்தது. அது முழுமையாக அச்சாகி வந்தபோது பப்ரிசியஸ் உயிரோடு இல்லை.