காலி நாற்காலிக்குப் பத்து கையெழுத்து

2018 அக்டோபரில்தான் ரிபப்ளிகன் கட்சியின் எங்கள் தொகுதிக் கூட்டத்துக்கு முதன்முதலாகப் போனேன். அமெரிக்காவின் அரிசோனா மாநிலம், பீனிக்ஸ் நகரின் புறநகர். ஓர் உணவகத்தின் பின்னறையில் முப்பது பேர் இருந்தார்கள். குடியுரிமை வாங்கியதிலிருந்து என் ஓட்டு இந்தக் கட்சிக்குத்தான். வரி குறைவாக இருக்க வேண்டும், அரசாங்கம் சிக்கனமாக இருக்க வேண்டும், பிள்ளைகளின் படிப்பில் பெற்றோரின் சொல் எடுபட வேண்டும் என்று மனதார நம்புகிறவன் நான். அன்று பொருளாளர் அறிக்கை வந்தபோது, "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று ஒருவர் கேட்டார். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த மாதமும் அதே பதில்தான். நகராட்சியிடம் ஒவ்வொரு டாலருக்கும் கணக்குக் கேட்கிற கட்சி நாங்கள். எங்கள் உண்டியலுக்குக் கணக்கு இல்லை என்பது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

இங்கே கட்சியின் அடிமட்டப் பதவிக்குப் பிரிசிங்க்ட் கமிட்டிமேன் என்று பெயர், சுருக்கமாகப் பி.சி. பிரிசிங்க்ட் என்பது அக்கம்பக்கத்துத் தெருக்கள் சேர்ந்த வாக்காளர் வட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரிசிங்க்ட்டுக்கு ஒரு பி.சி., அதற்கு மேல் கட்சியில் பதிந்த ஒவ்வொரு 125 வாக்காளருக்கும் இன்னொருவர் என்று மாநிலச் சட்டமே சொல்கிறது. எங்கள் பிரிசிங்க்ட்டில் கட்சி வாக்காளர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர். ஒன்பது பி.சி. இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

இந்த ஒன்பது பேரை லேசாக நினைக்கக் கூடாது. தொகுதித் தலைவரையும் பொருளாளரையும் தேர்ந்தெடுப்பது பி.சி.க்கள்தான். மூன்று பி.சி.க்கு ஒருவர் என்ற கணக்கில் மாநிலக் கமிட்டிக்கு ஆட்களை அனுப்புவதும் அவர்களே. மாநிலத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது அந்தக் கமிட்டி. எங்கள் கட்சி எம்.எல்.ஏ. ஒருவர் பாதியில் விலகினால், அந்த இடத்துக்கு மூன்று பெயர்களைப் பரிந்துரைப்பதும் தொகுதியின் பி.சி.க்கள்தான். அந்த மூவரில் ஒருவரைக் கவுண்டி வாரியம், அதாவது நம் ஊர் மாவட்டம் போன்ற பகுதியை நிர்வகிக்கும் குழு, நியமிக்கும். மேலே இருந்து அறிவிப்பு வந்தால்தான் பதவி என்று பார்த்து வளர்ந்த எனக்கு இது புரியவே நாளானது.

காலியிடம்தான் இருக்கிறதே என்று விண்ணப்பித்தேன். உடனே நியமித்தும் விட்டார்கள். நவம்பர் தேர்தலுக்குப் பிறகு புது நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்கு ஆசையாகப் போனேன். வாசல் மேசையில் இருந்தவர் பட்டியலை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "நீங்கள் நியமனம், உங்களுக்கு வாக்குச்சீட்டு கிடையாது" என்றார். தேர்தல் வழியாக வந்த பி.சி.க்கு மட்டுமே அந்தக் கூட்டத்தில் ஓட்டு. விதி அதுதான், அவர் மேல் தப்பில்லை. ஆனால் விண்ணப்பம் கொடுத்தபோது யாரும் அதைச் சொல்லவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து, பழைய ஆட்களே மறுபடி வருவதைப் பார்த்துவிட்டு வீடு வந்தேன்.

என்னைப் போலவே ஓட்டில்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள் ஏழெட்டுப் பேர். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், குழாய் வேலை பார்க்கும் ஒருவர், வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் இரண்டு அம்மாக்கள். ஆசிரியை வீட்டு அடுப்படி மேசையில் மாதம் ஒருமுறை கூடினோம். யாரைத் திட்டுவது என்றல்ல, எந்தத் தேதிக்குள் எந்தத் தாளைக் கொடுப்பது என்றுதான் பேசினோம். எங்கள் வேலையில் உருப்படியானது அந்தக் காலண்டர்தான் என்று இப்போதும் சொல்வேன்.

பி.சி. தேர்தலுக்கு நிற்க அதிகம் போனால் பத்து கையெழுத்து போதும். 2020 பிப்ரவரியில் தெருவில் இறங்கினேன். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்கள் பூக்கத் தொடங்கியிருந்தன, தெருவே மணத்தது. கையில் அட்டை, நூலில் கட்டிய பேனா. பத்துக்குப் பதினாறு வாங்கிவிட்டேன் என்று ஆசிரியையிடம் காட்டினேன். அவர் வாக்காளர் பட்டியலோடு ஒவ்வொரு முகவரியாக ஒப்பிட்டார். நான்கு பெயர்களின் மேல் பென்சிலால் கோடு விழுந்தது. தெருவின் எதிர்ப்பக்கம் வேறு பிரிசிங்க்ட்! எதிர்வீட்டுக்காரரோடு பத்து வருடப் பழக்கம், அவர் கையெழுத்து எனக்குச் செல்லாது. மீதிப் பன்னிரண்டு நின்றது. மார்ச் நடுவில் கொரோனா வந்து யாரும் கதவு திறக்காமல் போவதற்குள் எங்கள் தாள்கள் எல்லாம் கவுண்டி அலுவலகத்தில் சேர்ந்துவிட்டன.

ஆகஸ்டில் நடந்த பிரைமரியில், அதாவது கட்சிக்குள் நடக்கும் முதற்கட்டத் தேர்தலில், என் பெயர் வாக்குச்சீட்டில் வரவே இல்லை. ஒன்பது இடத்துக்கு ஐந்து பேர்தான் மனு போட்டிருந்தோம். போட்டி இல்லையென்றால் வாக்குச்சீட்டில் அச்சடிக்காமலே தேர்வானதாக அறிவித்துவிடுவார்கள். இவ்வளவு காலம் பூட்டியிருப்பதாக நினைத்த கதவு சும்மா சாத்தித்தான் இருந்திருக்கிறது.

அக்டோபர் 1-ஆம் தேதி பதவிக்காலம் தொடங்கியது. நிர்வாகிகள் தேர்வுக் கூட்டத்தில் முகக்கவசத்தோடு தள்ளித்தள்ளி உட்கார்ந்திருந்தோம். இந்த முறை வாசல் மேசையில் எனக்கும் ஒரு சீட்டு கொடுத்தார்கள். தலைவர் பதவிக்கு நாங்கள் நிறுத்தியவர் தோற்றார். எனக்கு வருத்தம்தான், இரண்டு வருட உழைப்பு அது. ஆனால் பொருளாளராக ஆசிரியை ஜெயித்தார். பழைய ஆட்களிலும் சிலர் அவருக்கு ஓட்டுப் போட்டதால்தான் அது நடந்தது. அவர்களை எதிரிகளாக நடத்தாமல் இருந்தோமே என்று அன்று நிம்மதியாக இருந்தது. கூட்டத்துக்கு நாற்காலி அடுக்கியவர்கள், வாக்காளர் பதிவுக்கு வெயிலில் நின்றவர்கள் அவர்கள். கட்சி எங்களுடையது என்றால் அவர்களுடையதும்தானே.

அடுத்த கூட்டத்தில் ஆசிரியை ஒரு பக்கக் கணக்கை நகலெடுத்து ஒவ்வொரு நாற்காலியிலும் வைத்திருந்தார். வரவு, செலவு, கையிருப்பு. அறை வாடகை, தபால் தலை வரைக்கும் தனித்தனி வரி. வாசித்து முடித்ததும், கேள்வி இருக்கிறதா என்று கேட்டார். மூன்று கைகள் உயர்ந்தன. மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.