டவரில் தீக்காலம்

பிப்ரவரி 20

நேற்றைய தீயில் காடு எரிந்தது மூன்று ஏக்கர் என்கிறார், இந்தத் தீக்காவல் டவரில் என்னோடு இருக்கும் அண்ணாச்சி. எனக்கு அதைவிடக் கூடுதலாகத் தெரிகிறது. புல்லும் ஈச்சம்புதரும்தான் போச்சு, பெரிய மரம் எதுவும் போகவில்லை, வேர் மண்ணுக்குள்ளே இருக்கும், ஒரு மழை பெய்தால் துளிர்த்துவிடும் என்று எல்லாரும் மாறிமாறிச் சொல்கிறார்கள். நேற்று ராத்திரி ஒன்பதே காலுக்கே அந்த வெளிச்சத்தைப் பார்த்தேன் என்று நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரி 21

அம்மாவின் ஆஸ்பத்திரி ரிப்போர்ட் வரவில்லை.

பிப்ரவரி 23

வடகிழக்குத் தூணில் சாய்ந்து, கம்பிக்கு வெளியே கையை நீட்டிப் பிடித்தால்தான் சிக்னல். 19ஆம் தேதி நான் நின்றது அங்கேதான். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாளா, பஸ் கிடைத்ததா, தங்கை ஏன் பதில் போடவில்லை, இதே நினைப்பு. தெற்குச் சரிவில் ஒரு புள்ளி. தேனெடுக்க வந்தவன் பந்தமாக இருக்கும், அணைத்துவிட்டுப் போவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மறுபடியும் போனைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்பதுதான் தெரியவில்லை. ஒரு மெசேஜ் வாசிக்கிற நேரமா, இருபது நிமிஷமா? அமாவாசை கழிந்த இருட்டு அது, ஒரு பீடி நெருப்புகூடத் தெரியும்.

பிப்ரவரி 26

நாள் முழுக்க பயர் லைன் வேலை. ஜனவரியில் செதுக்கிய கோட்டில் சருகு விழுந்து மூடிக்கிடக்கிறது, திரும்பவும் கூட்டித் தள்ள வேண்டும். கோடு சுத்தமாக இருந்தால் தீ அதுவரை வந்து தின்ன ஒன்றுமில்லாமல் நிற்கும், காற்று பலமாக இல்லாவிட்டால். இங்கே காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆரல்வாய்மொழிக் கணவாய் அந்தப் பக்கம் வாயைத் திறந்து வைத்திருக்கிறது, முப்பந்தலில் அத்தனை காற்றாலையையும் சும்மாவா நட்டார்கள்.

சாயங்காலம் வீட்டிலிருந்து மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அம்மா கைப்பக்குவம் இல்லை, தங்கை வைத்தது. அப்படியானால் அம்மா அடுப்படிக்கே வரவில்லை.

மார்ச் 2

அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அன்னைக்கே சொல்லிருக்கணும் மக்கா" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 5

வெயில். தாடகை மலை மல்லாந்து படுத்த பொம்பளை மாதிரிதான் எப்போதும் தெரியும், இன்றைக்குப் புழுக்கத்தில் மூச்சு விடுகிற மாதிரி இருந்தது.

மார்ச் 9, ராத்திரி

அண்ணாச்சிக்குக் காய்ச்சல், மத்தியானமே கீழே இறக்கிவிட்டார்கள். மாற்று ஆள் காலையில்தான் வருவார். வாக்கி-டாக்கியில் கேம்ப் ஆள் இருக்கிறார், பயப்படாதே என்கிறார்கள். எனக்குக் கரடி பயம் இல்லை.

7.30. தெற்கே நாகர்கோவில் வெளிச்சம் மொத்தமாக மஞ்சளாக நிற்கிறது. அதற்கு அப்பால் கடலில் வள்ள விளக்குகள். கிழக்கே காற்றாலைகளின் உச்சியில் சிவப்பு விளக்குகள் அணைந்து அணைந்து எரிகின்றன. வந்த முதல் வாரம் ஒவ்வொன்றும் தீயாகத்தான் தெரிந்தது. இப்போது எண்ணி வைத்திருக்கிறேன். இடம் மாறாதது விளக்கு, நகர்வது வண்டி, அகலமாவதுதான் தீ. 19ஆம் தேதிப் புள்ளி அகலமாகிறதா என்று நான் நின்று பார்க்கவே இல்லை.

9.00. கஞ்சி குடித்தேன். கட்டன் சாயா போட்டு பிளாஸ்கில் ஊற்றியிருக்கிறேன். கால் மணிக்கு ஒரு தடவை நாலு பக்கமும் சுற்றி வருகிறேன். தூண் பக்கம் வரும்போது போனை நீட்டாமல் இருக்க முடியவில்லை. ஒன்றுமில்லை.

10.05. கிழக்கு முகட்டுக்குப் பின்னால் சிவப்பு. அகலமாகிறது. கை நடுங்கிவிட்டது, வாக்கியை எடுத்துக் கூப்பிட்டேன், திசை சொன்னேன், மரங்களுக்கு நடுவே தெரிகிறது என்றேன். அந்தப் பக்கம் அண்ணாச்சி குரல், காய்ச்சலோடு கேம்பில்தான் படுத்திருந்தாராம், வீட்டுக்குப் போகவில்லை. "கொஞ்சம் நின்னு பாரு. பௌர்ணமி கழிஞ்சு நாலு நாளாச்சு. அது நெலாடே." பார்த்துக்கொண்டே இருந்தேன். புழுதிக்குள்ளிருந்து தேய்ந்த நிலா, ஒரு பக்கம் நசுங்கின செம்பு மாதிரி மேலே வந்தது. மன்னிக்கணும் அண்ணாச்சி என்றேன். "எதுக்கு? நூறு தடவ நெலாவச் சொல்லு. நான் எந்திரிச்சுப் பாக்கேன்."

வாக்கியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

12.20. பக்கிக் குருவி ஒன்று விடாமல் தட்டுகிற மாதிரி கத்திக்கொண்டே இருக்கிறது. காற்று கீழ்நோக்கித் திரும்பிவிட்டது, உடம்பு குளிர்கிறது. பகலில் மலை ஏறுகிற காற்று ராத்திரியில் இறங்கும். தீ அப்படி இல்லை, அதற்கு ஏறத்தான் பிடிக்கும். பத்து டிகிரி சரிவு கூடினால் அதன் வேகம் இரட்டிப்பாகும் என்று பயிற்சியில் சொன்னார்கள். மேலே இருப்பவனால் ஓடித் தப்ப முடியாது. அம்மாவுக்கு இதையெல்லாம் சொன்னதில்லை.

1.50. போன் அடித்தது. தூணுக்கு ஓடினேன். அம்மா என்றுதான் நினைத்தேன், இந்த நேரத்தில் கூப்பிடுகிறாள் என்றால் என்ன ஆயிற்றோ என்று. கேம்ப் ஆள். சாட்டிலைட் ஒன்றரை மணி வாக்கில் கடக்கும்போது பிடித்த புள்ளி, மெசேஜ் வந்திருக்கிறது. தெற்குச் சரிவுக்குக் கீழே, மலை மடிப்புக்குள். டவரிலிருந்து அந்த இடம் தெரியாது. டவரின் உயரத்தை இவ்வளவு நம்பினேனே, ஒரு மடிப்பு போதும் மறைக்க. அதே மாதிரி அந்தச் சாட்டிலைட்டும் பகலில் மத்தியானத்தை ஒட்டி ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. நடுவில் பிடித்துப் படருவதை மனுஷக் கண்தான் பார்க்க வேண்டும்.

இறங்கவா என்று கேட்டேன். "நீ அங்கயே நில்லு. புகை எந்தப் பக்கம் சாயுதுன்னு சொல்லிட்டே இரு."

4.40 வரை சொல்லிக்கொண்டே இருந்தேன். நிலா வெளிச்சத்தில் புகை மடிப்புக்கு மேலே வந்து மேற்கே சாய்ந்தது, பிறகு நேராக நின்றது, பிறகு மெலிந்தது. ஏழு பேர் பச்சைக் கொப்பு வெட்டி அடித்து அணைத்தார்கள். ராத்திரிக் குளிரில் தீக்கு வேகம் இல்லாததால்தான் முடிந்தது.

மார்ச் 10

தூங்கினேன். தொண்டை வறண்டு போய்விட்டது, பேசியே.

மார்ச் 11

2018இல் இதே தேதி குரங்கணி காட்டுத்தீ. மொத்தம் 23 பேர் செத்தார்கள். அப்போது நான் டிவியில் பார்த்துவிட்டுச் சேனலை மாற்றினேன்.

மார்ச் 13

கீழே போய் அணைத்த இடத்தைப் பார்த்தேன். முக்கால் ஏக்கர் கூட இல்லை. ஓக்கிப் புயலில் சாய்ந்த மரம் ஒன்று மட்டும் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருந்தது, மண் அள்ளிப் போட்டு மூடினோம். 19ஆம் தேதி எரிந்த இடம் மேலே, நூறு அடி தள்ளி. அங்கே சாம்பலுக்குள்ளிருந்து பச்சையாக ஈச்சங்குருத்து. மழையே பெய்யவில்லை, எப்படி வந்தது?

ரிப்போர்ட் நாளைக்கு என்கிறாள் தங்கை.

மார்ச் 14

காலை 11 மணிக்குத் தூண் பக்கம் நின்றேன். அம்மாவே பேசினாள். குரல் விட்டுவிட்டுக் கேட்டது. "வந்துருச்சு மக்கா, நீ வீட்டுக்கு வா, நேர்ல பேசுவோம்." என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன், லைன் போய்விட்டது. பேசும்போது தெற்குச் சரிவைப் பார்த்துக்கொண்டேதான் பேசினேன்.

மாற்று ஆள் மூன்று மணிக்கு வருகிறார். பைனாகுலரை ஆணியில் மாட்டிவிட்டேன். மடிப்பு தெரியாது என்று அவரிடம் சொல்ல வேண்டும்.