மூன்று வார 'ம்ம்ம்' சத்தம்

பாட்டு ஓடும்போது தெரியாது. ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில்தான் ஸ்பீக்கரிலிருந்து 'ம்ம்ம்' என்று வரும். மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரு கை பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

வால்யூமைத் திருகினேன். சத்தமும் கூடவே ஏறி இறங்கியது. அப்படியென்றால் கோளாறு வால்யூமுக்கு முந்தைய பக்கத்தில் இருக்கிறது. ஆம்பை (ஆம்ப்ளிஃபையரை) அணைத்து, உள்ளே வரும் வயர்களை எல்லாம் கழற்றிவிட்டு ஆம்பை மட்டும் மறுபடி ஆன் செய்தேன், ஸ்பீக்கர் அடங்கிவிட்டது. சரி, ஆம்ப் நன்றாகத்தான் இருக்கிறது. அப்புறம் லேப்டாப் வயரை மட்டும் செருகினேன். பேட்டரியில் ஓடும்வரை அமைதி. சார்ஜரைச் செருகியதும் அதே 'ம்ம்ம்'.

எர்த் லூப்தான். ஆம்ப், சார்ஜர் இரண்டுக்குமே மூன்று பின் பிளக். அறையின் எதிரெதிர்ச் சுவர்களில் செருகியிருந்தேன். இரண்டு இடத்து எர்த்துக்கும் நடுவே சின்ன வோல்டேஜ் வித்தியாசம் இருக்கும். லேப்டாப்பிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்.சி.ஏ. வயரின் வெளிப்பின்னல் அவற்றை இணைத்ததும் ஒரு வளையம் உண்டாகி அதில் கரண்ட் ஓடுகிறது. சிக்னல் திரும்பிப் போவதும் அதே பின்னல் வழியாகத்தான், வம்பே அங்கேதான். 10 மில்லி ஆம்பியர் ஓடி, பின்னலின் ரெசிஸ்டன்ஸ் 0.1 ஓம் என்று வைத்தால், 1 மில்லிவோல்ட் சிக்னலோடு கலந்துவிடும். 2 வோல்ட் சிக்னலுக்கு அது தூசுதான், ஆனாலும் அமைதியில் காது பிடித்துவிடுகிறது.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான், இணைப்பு சரியில்லை என்றால் அந்த ரெசிஸ்டன்ஸும் சேருமே என்று ஆர்.சி.ஏ. பிளக்கையே பார்க்கத் தோன்றியது. டார்ச் அடித்துப் பார்த்தால் வெளி வளையத்தில் பழுப்பாக ஒரு படலம். அதன் இதழ்களும் தளர்ந்து லொடலொடவென்று ஆடின. ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, இதழ்களைக் குறட்டால் மெதுவாக உள்பக்கம் அழுத்தினேன். செருகும்போதே இறுக்கம் கையில் தெரிந்தது. சத்தம் பாதியாவது குறைந்திருக்கும். அடுத்து ஆம்ப், சார்ஜர் இரண்டின் மூன்று பின் பிளக்கையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுக்கு மாற்றினேன், இன்னும் இறங்கியது.

எர்த் பின்னைக் கழற்றினால் சத்தம் நிற்கும் என்பது உண்மைதான். தயவுசெய்து யாரும் அதைச் செய்ய வேண்டாம். உள்ளே கரண்ட் வரும் லைன் வயர் ஆம்பின் உலோகப் பெட்டியைத் தொட்டுவிட்டால், கரண்ட் எர்த்துக்குப் போகும் வழி நம் உடம்பாகிவிடும்.

சிக்னல் வயரில் மாட்டும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கிப் பார்த்தேன்; சிக்னலை விட்டுவிட்டு இரண்டு பக்கத்து வயர் இணைப்பை மட்டும் துண்டிக்கும் சின்னப் பெட்டி அது. 'ம்ம்ம்' சுத்தமாக நின்றது. ஆனால் டிரம்மின் அடி தொளதொளத்துப் போனது. அவ்வளவு சின்ன இரும்பு உள்ளகம் தாழ்ந்த சுரங்களைத் தாங்குவதில்லை. கழற்றி வைத்துவிட்டேன்.

இப்போது ஸ்பீக்கர் துணியில் காதை ஒட்டினால்தான் சத்தம் கேட்கிறது. நேற்று ராத்திரி ஒரு வயலின் இசைத்தட்டில் வில்லைத் தந்தியில் வைப்பதற்கு முன் வாசிப்பவர் மூச்சிழுப்பது கேட்டது. அதை இதுவரை நான் கேட்டதே இல்லை.