மீன் தொட்டிக்காரனின் பாம்புக் கணக்கு

கொளத்தூரில் கண்ணாடித் தொட்டி ஒட்டுவதுதான் என் பிழைப்பு. பதினெட்டு வருஷமாகச் சிலிக்கான் நெடியில்தான் பொழுது விடிகிறது. காடி மாதிரி புளித்த நெடி அது. அது அடங்கினால்தான் தொட்டி காய்ந்தது என்று கணக்கு. நாலடித் தொட்டிக்கு எத்தனை லிட்டர் பிடிக்கும், எத்தனை வாட் ஹீட்டர் வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அந்தத் திமிரில்தான் முதல் பாம்புத் தொட்டிக்குக் கை வைத்தேன்.

2021-இல் பெரம்பூரிலிருந்து ஒரு பையன் வந்தான். "அண்ணே, மூணடி தொட்டி வேணும். மீனுக்கு இல்ல, பாம்புக்கு" என்றான். கடைப் பையன் கையிலிருந்த கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றான். சாரையோ மண்ணுளியோ என்றால் வேறு கடை பார் என்று சொன்னேன். நம்மூர்ப் பாம்பை வீட்டில் வைத்தால் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் பிடிக்கும். அவனிடம் இருந்தது பால் பைத்தான் (ball python, 'பந்து' மலைப்பாம்பு), ஆப்பிரிக்காக்காரன். பயந்தால் தலையை உள்ளே மடக்கிப் பந்தாகச் சுருண்டுகொள்ளும், அதனால் அந்தப் பெயர். 2020-இல் மத்திய அரசு வெளிநாட்டு உயிரினங்களைத் தாமாக முன்வந்து அறிவிக்கச் சொன்னபோது வாங்கிய தாளையும் நீட்டினான். 2024-இல் பதிவு விதிகள் வந்த பிறகு, தாளைப் பார்க்காமல் நான் பாம்புக்குக் கண்ணாடி வெட்டுவதே இல்லை. விமான நிலையத்தில் பெட்டிக்குள் பைத்தான் பிடிபட்ட செய்தி எத்தனை தடவை வந்துவிட்டது!

மீனுக்குச் சூடு கொடுப்பது சுலபம். மூலையில் ஹீட்டரைப் போட்டுப் பம்பை ஓட்டினால் தண்ணீரே சூட்டைத் தொட்டி முழுக்கச் சுமந்து போய்விடும். டிஸ்கஸ் மீனுக்கு 29 டிகிரி என்றால் எல்லா மூலையிலும் 29. பாம்புக்கு அப்படி எல்லா இடமும் ஒரே சூடாக இருந்தால் ஆகாது. அது தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்காது. குளிர்ந்தால் சூட்டுப் பக்கம் போகும், சூடு ஏறினால் குளிர்ந்த பக்கம் வரும். ஒரு கோடியில் 32, மறு கோடியில் 26 என்று வித்தியாசத்தை நாம்தான் வைத்துக் கொடுக்க வேண்டும். தொட்டியின் தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஹீட் மேட், அதாவது கரண்டில் சூடாகும் விரிப்பு, ஓடக்கூடாது என்பது இதனால்தான்.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு மீன் புத்தியில் வேலை செய்தேன். மீன் தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் போடுவோம், மேஜை கொஞ்சம் மேடுபள்ளமாக இருந்தாலும் பாரம் சமமாக உட்காரும். அதே மாதிரி தெர்மாகோல் விரித்து, அதன்மேல் மேட், அதன்மேல் தொட்டி. நல்ல வேளை, பாம்பை விடாமல் ஒரு நாள் ஓட்டிப் பார்த்தோம். சூடு கீழே இறங்க வழியில்லாமல் அங்கேயே அடைந்து, மறுநாள் தெர்மாகோல் குழிந்து கிடந்தது. கண்ணாடியில் மூலையிலிருந்து ஒரு விரிசல். என் செலவில் அடிக்கண்ணாடி மாற்றி, நாலு பக்கமும் ரப்பர் கட்டை வைத்துக் காற்றுப் போக இடம் விட்டேன்.

அவனுடைய அம்மாவை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மாடி ரூம். "இன்னா தம்பி, எனக்கு இங்க ஃபேன் காத்து பத்தல, பாம்புக்கு ஹீட்டர் கேக்குதா?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

பெரிய தப்பு அதற்கப்புறம். கோழிமுட்டை பொரிக்கிற பெட்டிக்குப் போடுவோமே, எஸ்டிசி-1000 கன்ட்ரோலர், சூட்டை அளந்து கரண்டைத் தானே போட்டு நிறுத்தும் கருவி, அதைத்தான் மாட்டினேன். கருவியில் குறையில்லை. அதன் சென்சாரை உள்ளே, தரையில், டேப் போட்டு ஒட்டியதுதான் என் மடத்தனம். பால் பைத்தான் எலி வளையிலும் கரையான் புற்றிலும் புகுந்து வாழ்கிற ஜாதி, முட்டித் தள்ளுவதே அதற்கு வேலை. ஒரு ராத்திரி டேப்பைப் பிய்த்து சென்சாரைத் தண்ணீர்க் கிண்ணம் வரைக்கும் தள்ளிவிட்டது. சென்சாருக்குத் தெரிந்தது 25 டிகிரி. 'இன்னும் குளிருது' என்று கன்ட்ரோலர் விடியவிடிய மேட்டை ஓட்டியிருக்கிறது. பாம்பு அதன் மேலேயே கிடந்திருக்கிறது. அடியில் சுடுகிறதே என்று நகர்ந்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இடம் மாறத் தெரிந்த பாம்புதான், ஆனாலும் அடியில் சுட்டால் பல நேரம் நகராது. வயிற்றுச் செதில் சிவந்து கொப்புளம் கண்ட பிறகுதான் பையன் பார்த்தான். வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு அவனோடு நானும் போனேன். மருந்து போட்டு, மூன்று தடவை சட்டை உரித்த பிறகுதான் வயிறு பழையபடி ஆனது. அவன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இப்போது சென்சாரை வெளியே, மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வைக்கிறேன். கண்ணாடி கொஞ்சம் சூட்டைத் தின்னும், அதனால் உள்தரையில் அளந்து பார்த்துத்தான் கன்ட்ரோலரில் எண் வைக்க வேண்டும். அளக்க, கொரோனா நேரத்தில் நெற்றியில் காட்டிய துப்பாக்கியை எடுத்தேன். பாதி நேரம் 'லோ' என்று காட்டி மானத்தை வாங்கியது. அது உடம்புக் காய்ச்சலுக்கு ஆனது. ஏசி மெக்கானிக் வைத்திருப்பதை வாங்க வேண்டியதாயிற்று. கன்ட்ரோலருக்குள் இருக்கும் சுவிட்ச், அதான் ரிலே, ஒட்டிக்கொண்டால் கரண்ட் நிற்காது, அதனால் இரண்டு டிகிரி கூட வைத்து இன்னொரு கன்ட்ரோலரையும் அதே வயரில் வரிசையாகப் போட்டுவிடுவேன். கூடுதல் காசு கேட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள். அப்படிப்பட்டவர்களுக்குத் தொட்டி கிடையாது.

ஒளிவிடம் இரண்டு வேண்டும் என்பதை அந்தப் பாம்புதான் கற்றுக்கொடுத்தது. முதலில் சூட்டுப் பக்கம் மட்டும் கவிழ்த்த மண்சட்டி வைத்திருந்தோம், பக்கத்தில் ஓட்டை போட்டு. எவ்வளவு சூடானாலும் அதற்குள்ளேயே கிடந்தது. மறைவு இல்லாத இடத்தில் குளிர்ச்சி கிடைத்தாலும் அதற்கு வேண்டாம். குளிர்ந்த பக்கமும் ஒரு சட்டி வைத்த பிறகுதான் இடம் மாறிமாறிப் படுக்க ஆரம்பித்தது. கதவும் அப்படித்தான். மீன் தொட்டி மாதிரி மேலே திறந்து கை விட்டால் பருந்து இறங்குகிற மாதிரி மிரளும். முன்பக்கம் தள்ளுகதவு, அதில் ஒரு பூட்டு. பாம்பு புகும் சந்து நம் கண்ணுக்குச் சந்தாகவே தெரியாது.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் பக்கம் தண்ணீர், கரண்ட் இல்லை. பையன் வேலைக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டான். அம்மா போன் செய்தார். "தம்பி, பெட்டில லைட்டு எரியல. அத்து பேசாம கீது." எலி மட்டும் போடாதீங்கம்மா என்றேன். சூடில்லாமல் செரிக்காது, வயிற்றிலேயே அழுகும், கக்கிவிடும். பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது. வெந்நீரைப் பாட்டிலில் அடைத்து, துணி சுற்றி ஒரு ஓரமாக வைக்கச் சொன்னேன். தன் பழைய நூல் புடவையைக் கிழித்துச் சுற்றினாராம்.

அடுத்த மே மாதம், கத்திரி வெயிலில், மறுபடியும் போன். அந்த ஆஸ்பெஸ்டாஸுக்கு அடியில் ஹீட்டரை நிறுத்தியே பத்து நாளாகிறது, ஆனாலும் 36 காட்டுகிறதாம். இது ஆபத்து, குளிரைவிடச் சென்னைக்கு இதுதான் ஆபத்து என்று சொல்லி, தொட்டியைக் கீழ்வீட்டுக்கு இறக்க ஆளோடு போனேன். அங்கே டேபிள் ஃபேன் தொட்டிக்கு நேராக ஓடிக்கொண்டிருந்தது. அம்மா சுவரோரம் உட்கார்ந்து பேப்பரை மடித்து விசிறிக்கொண்டிருந்தார்.

"அத்துக்கு காத்து நேரா படலாமா தம்பி?" என்று கேட்டார்.